காமெடி கிளிப் பகிர: வாட்ஸ்அப்பா, டெலிகிராமா, வெறும் லிங்க்கா?

நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டாலும் எங்கள் கும்பலில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. சென்னை, கோவை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொராண்டோ என்று சிதறிக் கிடக்கிறோம். எங்களை ஒன்றாக வைத்திருப்பது பழைய படக் காமெடியும், யாரோ வெட்டி ஒட்டிய மீம் வீடியோவும்தான். முதலில் வாட்ஸ்அப் குரூப், அப்புறம் கொஞ்ச காலம் யூடியூப் லிங்க் மட்டும், இப்போது டெலிகிராம். மாறியதில் எனக்கு முழுத் திருப்தி, அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தெரிந்த சங்கதிகளை வேகமாக முடித்துவிடுவோம். வாட்ஸ்அப் எல்லாரிடமும் இருக்கிறது, யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். வீடியோவைச் சுருக்கி அனுப்பும். 2023-இல் எச்டி வந்த பிறகு அந்தப் புலம்பலும் குறைந்துவிட்டது. டாக்குமென்டாகப் போட்டால் 2 ஜிபி வரை அப்படியே போகும். டெலிகிராமிலும் அதே 2 ஜிபி, காசு கட்டினால் 4. ஒரு நிமிடக் காமெடிக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. ஃபார்வர்ட் செய்து செய்துதான் வீடியோ மங்கிப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஃபார்வர்டில் போவது அதே கோப்புதான். போனில் இறக்கி, வெட்டி, ஸ்டேட்டஸில் போட்டு, அதை இன்னொருவர் எடுத்து மறுபடி ஏற்றும்போதுதான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது, கடைசியில் கவுண்டமணி யார் செந்தில் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

வாட்ஸ்அப்பின் ஃபார்வர்ட் கட்டுப்பாடு எனக்குக் குறையாகவே தெரியவில்லை. 2018-இல் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று ஆக்கினார்கள், 2020-இல் நிறைய சுற்றிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் என்று இறுக்கினார்கள். வதந்தியைத் தடுக்கக் கொண்டுவந்தது, காமெடிக்கும் உதவுகிறது: அப்படிச் சுற்றிய செய்தியில் விழும் இரட்டை அம்புக்குறியைப் பார்த்தாலே ஊர் முழுக்கச் சிரித்து முடித்த சரக்கு என்று தெரிந்துவிடும், திறந்து பார்க்கும் வேலை மிச்சம்.

சரி, நாங்கள் ஏன் மாறினோம்? ஒரே காரணம், தேடினால் கிடைக்க வேண்டும்.

காமெடி கிளிப்பை வெறுமனே பார்த்துச் சிரிப்பதற்காக மட்டும் யாரும் சேர்த்து வைப்பதில்லை, பதிலடியாக எறியத்தான் வைத்திருக்கிறோம். சிங்கப்பூர்க்காரன் ராத்திரி வந்து "மச்சான், கேட்ட லீவை மேனேஜர் ரத்து பண்ணிட்டாரு" என்று போடுகிறான். அதற்குப் பொருத்தமான கிளிப் அரை நிமிடத்துக்குள் விழ வேண்டும். பத்து நிமிடம் கழித்துப் போட்டால் பேச்சு வேறெங்கோ போயிருக்கும், சிரிப்பதற்குப் பதில் "இது எதுக்கு?" என்று கேட்பார்கள். 2019 மே மாதம் நேசமணிக்காக, அதாவது 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் தலையில் சுத்தியல் விழும் வடிவேலுவுக்காக, உலகமே பிரார்த்தனை செய்ததே, ஏதோ ஒரு பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்கப்போய் ட்விட்டரில் உலக அளவில் டிரெண்டாகி, அந்த ஒரு நாள் முழுக்க சுத்தியல் விழும் காட்சியைக் கையில் வைத்திருந்தவன்தான் ராஜா. அடுத்த வாரம் அதே காட்சிக்கு மரியாதை இல்லை.

வாட்ஸ்அப்பில் இந்த அரை நிமிடம் நடக்காது. வீடியோக்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம், ஆனால் வருவது முழுக்கப் பொடிப் பொடிக் கட்டங்கள். பாதி கறுப்பு, மீதியில் வடிவேலு முகம். எந்த வடிவேலு? தேடல் எழுத்தைத்தான் பார்க்கும், ஃபார்வர்டில் வந்த வீடியோவுக்குப் பெரும்பாலும் எழுத்தே இருக்காது. பிறகு சேர்க்கலாம் என்றால், போட்ட 15 நிமிடத்துக்குள் திருத்தினால்தான் உண்டு. ஒரு வழி இருக்கிறது: கிளிப்புக்கு ரிப்ளையாக "லீவு மேனேஜர் அழுகை" என்று நாலு சொல் போட்டுவைத்தால் தேடும்போது அது சிக்கும், அதைத் தொட்டால் மூல வீடியோவுக்குப் போகலாம். அங்கே போனால் வீடியோ இருக்க வேண்டுமே! இடம் போதவில்லை என்று நாமே அழித்திருப்போம். கோப்பு நம் போனில்தான் வாழ்கிறது, அவர்களுடைய சர்வரில் நிரந்தரமாக இல்லை. அழித்துவிட்டு நாளாகி மறுபடி இறக்கப்போனால் அனுப்பியவரையே திரும்ப அனுப்பச் சொல்லும். பேக்கப் எடுத்து வைக்கலாம் என்றால், ஆண்ட்ராய்டில் அது முன்பு கூகுள் தரும் இடத்தின் கணக்கில் சேராமல் இருந்தது, இப்போது இலவச 15 ஜிபிக்குள் அதுவும் அடக்கம். செந்திலுக்காக யாரும் மாதாமாதம் காசு கட்டப் போவதில்லை.

டெலிகிராமில் கோப்பு அவர்களிடமே இருக்கிறது. போனில் தற்காலிகமாகத் தேங்கிய கோப்புகளை (கேஷ்) மொத்தமாகக் காலி செய்தாலும் சாட்டில் கிளிப் அங்கேயே கிடக்கும், தொட்டால் திரும்ப இறங்கும். நாங்கள் அரட்டைக்கு ஒரு குரூப்பும், கிளிப்புக்கென்று தனியாக ஒரு பிரைவேட் சேனலும் வைத்திருக்கிறோம். சேனலில் அட்மின்கள் பழைய பதிவின் கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், இந்த ஒரு வசதிக்காகவே மாறலாம் என்பேன். புதிதாகச் சேர்கிறவரும் முதல் பதிவு வரை மேலே உருட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கேப்ஷன் எழுதுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. படத்தின் பெயர், நடிகர் பெயர் பெரிதாக உதவாது, நமக்கு ஞாபகம் வருவது சந்தர்ப்பம்தான். அதனால் "சம்பளம், கடன், லீவு, மழை, கல்யாண வீடு, தப்பித்து ஓடுதல்" என்று எப்போது எறியலாமோ அதை எழுதுகிறோம். எழுதும்போது வேற்றுமை உருபெல்லாம் ஒட்டாமல் மொட்டையாக எழுத வேண்டும். "சம்பளத்தைக் கேட்கும்போது" என்று அழகாக எழுதிவைத்தால் பிறகு "சம்பளம்" என்று தேடினால் வராது, ஏனென்றால் ம் போய்த் த் வந்துவிட்டது. வடிவேலு, வடிவேல் இரண்டும் வேறு வேறு. கூடவே ஆங்கில எழுத்தில் ஒரு தடவை அடித்துவைத்தால் டொராண்டோக்காரர்களுக்கும் சௌகரியம், அவர்கள் போனில் தமிழ் விசைப்பலகையைத் தேடுவதற்குள் விடிந்துவிடும். கிளிப் போடுகிறவர் கேப்ஷன் எழுத மாட்டார் என்பது உலக வழக்கம். எங்களில் பொறுமைசாலியான ஓர் அக்கா ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிவிடுவார். உங்கள் கும்பலில் அப்படி ஒருவர் இல்லையென்றால் டெலிகிராமுக்கு மாறியும் பெரிய பலன் இருக்காது.

இன்னொன்று, போன் நம்பர். முகம் தெரியாத நண்பர்கள் என்னும்போது இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்த உடனே நம்பர் அத்தனை பேருக்கும் தெரிந்தது, அதனாலேயே சில பெண்கள் வரத் தயங்கினார்கள். டெலிகிராமில் நம்பரை மறைத்துவிட்டுப் பயனர்பெயரோடு இருக்கலாம்.

லிங்க் கோஷ்டிக்கும் ஒரு நியாயம் உண்டு. இடம் அடைக்காது, எடுத்துப் போட்டவருக்கு வியூஸ் போகும், யூடியூபில் இந்த நொடியிலிருந்து தொடங்கு என்று குறித்தே அனுப்பலாம். ஆனால் கிளிப்புக்கு முன்னால் விளம்பரம் ஓடினால் பதிலடி செத்தது. லிங்க்குக்கு ஆயுளும் கெட்டியில்லை. 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் திறந்த லிங்க்குகள் கோவையில் திறக்கவில்லை. யாரோ கோப்பாக இறக்கி வைத்திருந்தவை மட்டும் இன்றும் ஓடுகின்றன. நம் ஆட்கள் சொந்தமாக எடுத்த வீடியோ என்றால் லிங்க்தான் மரியாதை, படக் காட்சிக்குக் கோப்பு.

வாட்ஸ்அப் ஜெயிக்கும் இடம் ஸ்டிக்கர். தமிழ்க் காமெடி ஸ்டிக்கர்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன, ஒரே தட்டில் போய்விடும். டெலிகிராமில் அதற்கு ஈடாக, சத்தமில்லாத குட்டி வீடியோவைப் போட்டால் தானாகச் சுழலும் ஜிஃப் ஆகிவிடும். வடிவேலுவுக்கு இது போதும், அவர் உடம்பே பேசும். கவுண்டமணியைச் சத்தமில்லாமல் பார்ப்பது உப்பில்லாத ஊறுகாய்.

டெலிகிராமில் குறை இல்லாமல் இல்லை. சாதாரண சாட்டும் குரூப்பும் எண்ட்-டு-எண்ட் மறையாக்கம் (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) கொண்டவை அல்ல, வாட்ஸ்அப்பில் 2016-இலிருந்தே அது உண்டு. காமெடிக்குக் கவலையில்லை, ஆதார் நகலை அங்கே அனுப்பாதீர்கள், அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஆட்கள் வந்து கிரிப்டோ விற்பார்கள். இன்ஸ்டாகிராம் பற்றி நான் தைரியமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தம்பி தங்கைகள் ரீல்ஸை அங்கேயே மெசேஜில் அனுப்பிக்கொள்கிறார்கள், நான் அதிகம் புழங்கியதில்லை. போட்டவரின் கணக்கு பிரைவேட்டாக இருந்தால் எனக்கு அனுப்பியது திறப்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

சொந்தக்காரர்கள் எப்படியும் வாட்ஸ்அப்பை விட்டு வரப்போவதில்லை. அவர்களுக்கு வேண்டியதை டெலிகிராமிலிருந்து எடுத்து அங்கே ஏற்றுகிறேன். புதிதாக ஏற்றுவதால் ஃபார்வர்ட் முத்திரை விழாது, சொந்தச் சரக்கு மாதிரியே போய்ச் சேரும். எங்கள் சித்தப்பா அதையெல்லாம் நானே எடிட் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், போன வாரம் பேரன் பிறந்தநாளுக்கு ஒரு வீடியோ செய்து தரச் சொன்னார்.