செட்டிநாட்டுப் பறவைப் படங்களில் டோனிங்: பல சீசன் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

கருப்பு வெள்ளைப் படத்தின்மேல் மெல்லிய நிறச் சாயல் ஏற்றுவதுதான் டோனிங். செம்மண் பூமியில் எடுத்த படம் என்றதும் கை முதலில் செபியாவுக்குத்தான், அதாவது பழுப்புச் சாயலுக்குத்தான் போகிறது. பல சீசன் பயன்படுத்திப் பார்த்தபின் எங்கள் தீர்மானம் வேறு. கண்மாய்ப் பறவைகளுக்குச் செபியா பெரும்பாலும் ஒத்துவராது. நிழல் பகுதியில் மட்டும் லேசாக ஏறும், குளிர்ந்த ஊதாவான செலினியச் சாயல்தான் பொருந்துகிறது. செபியாவுக்கும் இடம் உண்டு, ஆனால் அது தண்ணீரில் இல்லை, சுவரில்.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தில் எடுத்த நத்தைகுத்தி நாரை படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். உடம்பு பளிச் வெள்ளை இல்லை, சாம்பல் கலந்த வெள்ளை. இறக்கை கறுப்பு. காலிலும் வயிற்றடியிலும் பல நேரம் சேறு ஒட்டியிருக்கும். அதன்மேல் பழுப்புச் சாயம் ஏற்றினால் சேறு எது, சாயம் எது என்று பிரிக்க முடியாது. பறவையே அழுக்காகத் தெரியும். அதே படத்தில் நிழலுக்கு மட்டும் குளிர்ந்த ஊதாச் சாயல் கொடுத்தால் கறுப்பு இறக்கைக்கு ஆழம் கிடைக்கிறது, உடம்பின் சாம்பல் கெடாமல் நிற்கிறது. மூடிய அலகின் நடுவே தெரியும் இடைவெளியும் துலக்கமாக வருகிறது.

இதற்குக் காரணம் பழைய இருட்டறை வேதியியலிலேயே இருக்கிறது. செபியாவில் முதலில் ப்ளீச் செய்வார்கள். வெளிச்சப் பகுதிதான் முதலில் வெளுக்கும். பிறகு சல்ஃபைடு கரைசலில் போட்டால் வெளுத்த இடம் பழுப்பாகும். பாதியில் ப்ளீச்சை நிறுத்தினால் நிழல் கறுப்பாகவே நிற்கும். செலினியம் தலைகீழ், வெள்ளி அடர்ந்த நிழலைத்தான் முதலில் பிடிக்கும். கம்ப்யூட்டரில் செய்யும்போதும் இந்த ஒழுங்கைக் காப்பாற்றினால் படம் இயல்பாக இருக்கும். படம் முழுக்க ஒரே அளவில் நிறத்தைத் தடவினால் போட்டோகாப்பிக் கடையில் எடுத்த கலர் நகல் போலாகிவிடும்.

லைட்ரூம் மென்பொருளில் வேலை செய்யும் வரிசை முக்கியம். முதலில் கலரிலேயே ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்துவிட வேண்டும். கருப்பு வெள்ளைக்கு மாற்றிய பிறகு டெம்பரேச்சர் ஸ்லைடரை நகர்த்தினால் சாயல் மாறாது, சாம்பல் அளவுகள்தான் மாறும். எந்த நிறம் எவ்வளவு வெளிறிய சாம்பலாக மாற வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஅண்ட்டபிள்யூ மிக்ஸில் செய்த வேலை அத்தனையும் குலையும். பிறகு மிக்ஸ், அதன்பின் கர்வ், கடைசியில்தான் கலர் கிரேடிங். நிழலுக்கு ஹியூ (நிறம்) 270 வாக்கில், சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) 4 அல்லது 5. மிட்டோனை (நடுத்தர வெளிச்சப் பகுதியை) தொடவேண்டாம். செபியா என்றால் ஹைலைட்டிலும் மிட்டோனிலும் ஹியூ 40, சாச்சுரேஷன் 8, மிஞ்சினால் 10. ஹியூ 30க்குக் கீழே போனால் ஆரஞ்சு, 50ஐத் தாண்டினால் பச்சை கலந்த மஞ்சள் தலைகாட்டும். 2020 அக்டோபரில்தான் பழைய ஸ்ப்ளிட் டோனிங் பேனலுக்குப் பதிலாகக் கலர் கிரேடிங் வந்தது. பழைய குறிப்புகளில் உள்ள எண்களை அப்படியே போடுபவர்கள் நிழல், வெளிச்சச் சாயல்கள் ஒன்றோடொன்று கலக்கும் அளவான ப்ளெண்டிங்கை 50லிருந்து 100க்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் அதே விளைவு வராது. காசு போடாமல் செய்ய டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் போதும்: கலர் கேலிப்ரேஷனில் கிரே பகுதி, பிறகு கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி.

நேரம் அதிகம் பிடிப்பது மிக்ஸ்தான். வக்கா என்ற இராக்கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பறவைக்குக் கண் ரத்தச் சிவப்பு. நேரடியாக மாற்றினால் அந்தச் சிவப்பு தலையின் கறுப்போடு கலந்து கண்ணே காணாமல் போகும். ரெட் ஸ்லைடரை +30 வரை ஏற்றினால் கருவிழியைச் சுற்றி வளையம் தெளிவாக வரும். ஆனால் பின்னணியில் செம்மண் கரை இருந்தால் அதுவும் சேர்ந்து வெளுத்துவிடும். அப்போது ஸ்லைடரை விட்டுவிட்டு, கண்ணுக்கு மட்டும் சின்ன மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் ஏற்றுவதே மேல்.

மஞ்சள்மூக்கு நாரையில் பிரச்சினை வேறு. வாலுக்கு மேலே விழும் ரோஜா நிற இறகு, பக்கத்து வெள்ளையோடு ஒன்றாகிவிடும். மெஜந்தாவையும் ரெட்டையும் -25 அளவுக்கு இறக்கினால் பிரியும். நீல வானத்தை இருட்டாக்க ப்ளூ ஸ்லைடரை -60, -70 என்று இழுப்பது எல்லோருக்கும் பிடித்த வேலை. அதில் வானம் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தட்டும், கொக்கின் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழும். -25ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெள்ளைக் கொக்குக்கு எடுக்கும்போதே கவனம் தேவை. வெயிலில் -0.7 முதல் -1 ஸ்டாப் வரை குறைத்து, ரா ஃபைலாக எடுங்கள். ஹைலைட் வெடித்த, அதாவது வெளிச்சம் மிஞ்சி விவரம் அழிந்த இடத்தில் டோன் ஏறாது. சுற்றிலும் சாயல் இருக்க, முதுகில் மட்டும் வெற்றுத்தாள் போல ஒரு திட்டு நிற்கும். பிறகு எதைச் செய்தும் அதை மூட முடியாது. உச்சிவேளையில் கரையிலிருந்து 600 எம்எம் லென்ஸில் எடுத்து, கானலில் இறகு கலங்கிய படத்துக்கும் டோனிங் மருந்தில்லை.

செபியாவுக்கு உரிய இடம் கானாடுகாத்தான் போன்ற ஊர்களின் பழைய வீட்டுச் சுவர்களும் மாடங்களும். காரை பெயர்ந்த சுவரின் முன் புள்ளி ஆந்தை உட்கார்ந்தால் கலரில் பழுப்புமேல் பழுப்பு, பறவை தனித்துத் தெரியாது. கருப்பு வெள்ளையில் புள்ளிகள் எழுந்து நிற்கின்றன. மேலே மெல்லிய செபியா ஏறும்போது சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பும் கூடவே கிடைக்கிறது. பனங்காடை, மயில் இரண்டையும் கலரிலேயே விட்டுவிடுங்கள். நிறம்தான் அவற்றின் செய்தி.

போட்டிக்கு அனுப்புபவர்கள் விதிமுறையைப் படித்துவிட்டு அனுப்ப வேண்டும். ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு) வரையறைப்படி, படம் முழுக்க ஒரே நிறத்தில் டோன் செய்திருந்தால் அது மோனோக்ரோம் (ஒற்றை நிறப் படம்) தான். ஒரு பகுதிக்கு மட்டும் சாயம் ஏற்றினால் கலர் படமாகிவிடும். ஆகவே நிழலுக்கு ஊதா, வெளிச்சத்துக்குப் பழுப்பு என்ற ஸ்ப்ளிட் டோன் மோனோ பிரிவுக்கு உதவாது. நேச்சர் பிரிவில் வெறும் கிரேஸ்கேல் மாற்றத்துக்கு மட்டுமே அனுமதி, டோனிங் கிடையாது. டோன் இல்லாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை 16 பிட் டிஃப் கோப்பில் வைத்திருந்து, கடைசியில்தான் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக மாற்ற வேண்டும். 8 பிட்டில் டோன் செய்தால் கண்மாய்த் தண்ணீரின் சமமான பரப்பில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மெல்லிய சாயல்தான் முதலில் சிதையும், டாகுமெண்டாக அனுப்புங்கள். போனில் திரையை மஞ்சளாக்கும் இரவு மோட் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாமே செபியாதான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

பிரிண்டுக்கு பளபளப்பில்லாத மேட் பேப்பரே எங்கள் தேர்வு. ஒரே ஒரு கறுப்பு மை உள்ள பிரிண்டர் சாம்பலைக் கலர் மைகளைக் கலந்தே உண்டாக்குகிறது. அதனால் டியூப்லைட்டில் பச்சையடிக்கும் படம் முற்றத்து வெளிச்சத்தில் சிவப்படிக்கும். சாம்பல் மைகள் தனியாக உள்ள பிரிண்டரில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. பெரிய அளவில் போடுமுன் சாச்சுரேஷன் 4, 7, 10 என மூன்று சின்னத் துண்டுகள் அடித்து, படம் தொங்கப்போகும் அதே சுவரில், பகலிலும் இரவிலும் வைத்துப் பாருங்கள். மேட்டில் நிழல் சற்று வெளிறும் என்பதால் திரையில் சரியாகத் தெரிந்த 4, தாளில் 6 கேட்கலாம்.