செக்கு டிரைவுக்குப் பட்டனா, டச் ஸ்கிரீனா?

செக்கு மோட்டாருக்கு டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்கருவி) போடுவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி வரும்: செட்டிங்கை எதில் மாற்றுவது? டிரைவின் முகத்திலேயே இருக்கும் பட்டன்களா, கழற்றி மாட்டும் எழுத்துத் திரை கீபேடா, பேனல், அதாவது டிரைவ் இருக்கும் மின்பெட்டியின் கதவில் தனியாக ஒரு டச் ஸ்கிரீனா? காரைக்குடிப் பக்கம் எங்கள் எண்ணெய் ஆலைக்கு நான் எடுத்தது முதலாவது. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்தே படியுங்கள்.

விலையும் அழகும் எல்லாருக்கும் தெரிந்தவை. டச் ஸ்கிரீனுக்குக் கூடுதல் பணம், ஆனால் தமிழிலேயே 'வேகம்', 'நிறுத்து' என்று போட்டுக் கொடுப்பார்கள். வேலைக்கு வருகிற அக்காமார்களுக்கு அது வசதி, மறுக்கவில்லை. பட்டன் டிரைவில் நாலு இலக்கச் சிவப்பு எண்கள்தான். 5 என்கிற எண்ணும் எஸ் எழுத்தும் அதில் ஒரே மாதிரித் தெரியும். முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

பழகிவிட்டால் வழி ஒன்றுதான். மிட்சுபிஷி டி700 வகையை எடுத்துக்கொண்டால், மோட்டார் நிற்கும்போது பியூ முறைக்கு (டிரைவின் சொந்தப் பட்டன்களிலிருந்தே இயக்கும் முறை) வந்து, மோடு பட்டனை அழுத்தி பாராமீட்டர் வரிசைக்கு, அதாவது எண் போட்ட செட்டிங் பட்டியலுக்குப் போக வேண்டும். டயலைத் திருப்பி பி.7-ல் நிறுத்தி செட் அழுத்தினால் வேகம் ஏறும் நேரம் வரும். திருப்பி மாற்றி மறுபடி செட். புது எண்ணும் பி.7-ம் மாறி மாறி மின்னினால் ஏறிவிட்டது என்று அர்த்தம். இறங்கும் நேரம் பி.8, அதிகபட்ச ஹெர்ட்ஸ் பி.1, மோட்டார் ஓவர்லோடு ஆம்பியர் பி.9. ஒரு செக்குக்கு அன்றாடம் வேண்டியது ஏறக்குறைய இவ்வளவே. எள்ளும் கருப்பட்டியும் உரலில் இறுகிக் கிடக்கும்போது 5 விநாடியில் வேகம் ஏற்றப் பார்த்தால் ஈ.ஓசி1 என்று காட்டி டிரைவ் டிரிப் ஆகி நின்றுவிடலாம். ஏறும்போது கரண்ட் மிஞ்சியது என்று பொருள். உரலை ஒரு பார்வை பார்த்துவிட்டு பி.7-ஐக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, நான் பட்டன் பக்கம் சாய்ந்ததற்கு இதெல்லாம் காரணமில்லை. காரணம், கெட்டுப்போன அன்று என்ன நடக்கும் என்பது. டச் ஸ்கிரீனில் தெரிகிற பக்கங்கள் எல்லாம் பேனல் செய்து கொடுத்தவர் தன் கம்ப்யூட்டரில் எழுதி ஏற்றியவை. ஸ்கிரீன் போய்விட்டால் புதிது வாங்கினால் மட்டும் போதாது. அந்த ஃபைல் வேண்டும், அதற்கான சாஃப்ட்வேர் வேண்டும், கேபிள் வேண்டும். ஃபைல் அவரிடம் மட்டும் இருந்தால், அவர் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்பி வரும்வரை கடலை மூட்டையில்தான் கிடக்கும். பட்டன் டிரைவ் எரிந்தாலும் அதே மாடல் ஒன்றை மாட்டி, நோட்டில் எழுதிவைத்த எண்களைப் பார்த்து உள்ளூர் எலக்ட்ரீஷியனே போட்டுவிடுவார். எங்கள் பேனல் கதவின் உட்புறம் அந்தப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. டச் ஸ்கிரீன்தான் வேண்டும் என்பவர்கள், கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஃபைலைப் பென்டிரைவில் வாங்கிவிடுங்கள். பாஸ்வேர்டையும் சேர்த்து.

எழுத்துத் திரை கீபேட் நடுவழி. ஏபிபி ஏசிஎஸ்550-க்கு வருகிற அசிஸ்டன்ட் பேனலில் பாராமீட்டர் பெயரே எழுத்தில் வரும், கேள்விக்குறிப் பட்டனை அழுத்தினால் விளக்கமும் வரும். முழு செட்டிங்கையும் அதற்குள் நகலெடுத்து இன்னொரு டிரைவில் இறக்கலாம். பராமரிப்புக் கணக்கில் இது பட்டனைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஆனால் அதை வைத்து நான் வருடக்கணக்கில் ஆலை ஓட்டியதில்லை.

எண்ணெய்க் கை விஷயத்தில் மூன்றுமே தப்பாது. பட்டன் மேல் உள்ள தாளும் நாளாக உரியத்தான் செய்யும்.

நான் பேசுவது ஒன்றிரண்டு மோட்டார் ஓடுகிற இடத்தைப் பற்றி. எலிவேட்டர், ஹல்லர், பாலிஷர் என்று வரிசையாக ஓடும் ரைஸ்மில்லில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க டச் ஸ்கிரீன்தான் சரியாக வரும்.

பட்டன் எடுப்பவர்கள் ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். மேலே சொன்ன டி700-ல் பி.161-ல் 10 போட்டு, மோடு பட்டனை 2 விநாடி அழுத்திப் பிடித்தால் கீபேட் பூட்டிக்கொள்ளும். எண்ணெய் வாங்க வந்தவர்களின் பிள்ளைகள் டயலைத் திருப்பி விளையாடினாலும் ஒன்றும் மாறாது. ஸ்டாப் பட்டன் மட்டும் அப்போதும் வேலை செய்யும்.