ஒரே செட் டயர், ஐந்து வருடம், வால்பாறைச் சாலை

2019 ஜூலையில் ஸ்விஃப்டுக்கு நான்கு புது டயர் போட்டேன். 165/80 ஆர்14, டியூப்லெஸ். 2024 ஆகஸ்டில் கழற்றும்போது 47,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. நான் பார்த்தது எந்த டயருக்கும் பொருந்தும். மனைவிக்கு வால்பாறையில் வேலை என்பதால், பொள்ளாச்சியிலிருந்து வாரம் ஒருமுறையாவது ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கிய வண்டி இது.

மைலேஜ், சத்தம் இரண்டிலும் குறை இல்லை. பஞ்சர் இரண்டு முறை. முதல் இரண்டு வருடம் டயர் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரவில்லை.

காய்ந்த தார் ரோட்டில் ரப்பரின் உராய்வுக் குணகம், அதாவது பிடியின் அளவு, சுமார் 0.8. எண்பதில் போகும்போது முழு பிரேக் அடித்தால் கணக்குப்படி 32 மீட்டரில் வண்டி நிற்க வேண்டும். மழையில் அது 0.5-க்கு இறங்கினால் 50 மீட்டர். நம் கால் பிரேக்குக்குப் போகிற ஒரு நொடியில் வண்டி ஓடிவிடும் 22 மீட்டர் இதில் சேராது. வேகம் பாதியானால் தூரம் கால்வாசி ஆகிவிடும் என்பதுதான் இதில் ஒரே நல்ல சேதி.

ஆள் நிறைய ஏற்றினால் வண்டி நிற்காது என்பார்கள். டயரைப் பொறுத்தவரை அது சரியில்லை. எடை கூடினால் பிடியும் ஏறக்குறைய அதே அளவில் கூடும். மாட்டிக்கொள்வது பிரேக்கின் டிஸ்க்கும், அதை அழுத்திப் பிடிக்கும் பேடும்தான், சூடு முழுக்க அங்கேதான் போகிறது. ஒருமுறை மாமனார் வீட்டார் நான்கு பேரோடு மலையிறங்கினேன், பேச்சு சுவாரசியத்தில் மூன்றாம் கியரிலேயே. இருபதாம் வளைவு வருவதற்குள் கருகல் வாசனை. பெடலை மிதிக்க மிதிக்க வேகம் சரியாகக் குறையவில்லை. பேட் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் உராய்வே குறைந்துவிடும். இரண்டாம் கியருக்கு மாற்றி, வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ள விட்டு, ஊர்ந்து ஊர்ந்து ஒன்பதாம் வளைவின் லோம்ஸ் வியூ பாயின்ட் வந்து நிறுத்தினோம். மாமனார் வரையாடு தேடினார், நான் வீல் ஆறுவதற்குக் காத்திருந்தேன். தண்ணீர் ஊற்றலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டவே வேண்டாம், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

இனி, மூன்றாம் வருடம் ஜூன். முதல் மழை. மாசக்கணக்கில் ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு குழைந்து சோப்பு மாதிரி இருக்கும் நேரம். ஒரு வளைவுக்குள் முப்பதில் நுழைந்து, ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே பிரேக்கையும் மிதித்தேன். வண்டி திரும்பவில்லை. சக்கரம் இடப்பக்கம் பார்க்க, வண்டி நேராகத் தடுப்புச்சுவரைப் பார்த்துப் போகிறது. காலடியில் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு, கடகடவென்று அடிக்கிறது. இன்னும் திருப்பினேன், பலனில்லை. எந்தப் புண்ணியமோ, பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்து, ஸ்டியரிங்கையும் ஒரு இழை தளர்த்தினேன். முன்பக்கம் சட்டென்று பிடித்துத் திரும்பியது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பதினைந்து மீட்டர் ஆரமுள்ள வளைவில், சரிவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், காய்ந்த ரோட்டில் 39 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். அந்தச் சோப்பு ரோட்டில் குணகம் 0.4-க்கு இறங்கியிருந்தால் 28 கூடத் தாங்காது. பிரேக்கைத் தொடாமலே நான் எல்லை தாண்டியிருந்தேன்.

டயருக்குச் சம்பளம் ஒன்றுதான். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அதிலிருந்துதான் எடுத்துச் செலவு செய்ய வேண்டும். ஆனால் இது கழித்தல் கணக்கு அல்ல, பிதாகரஸ் கணக்கு. திரும்புவதற்கு 80 சதவீதம் போனால் பிரேக்குக்கு 20 அல்ல, 60 மிச்சம் இருக்கும் (80-இன் வர்க்கமும் 60-இன் வர்க்கமும் சேர்ந்தால் 100-இன் வர்க்கம்). திரும்புவதற்கே நூறும் போய்விட்டால் மிச்சம் பூஜ்யம். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அதனால் ஸ்டியரிங் வேலை செய்ய வழி இருக்கும். இல்லாத பிடியை அது எங்கிருந்தும் கொண்டுவராது. அன்றிலிருந்து வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் வருடம்தான் ஏமாற்றம். பட்டன், அதாவது டயர் வரிப்பள்ளத்தின் ஆழம், இன்னும் 3 மில்லிமீட்டர் இருந்தது, மாற்றச் சொல்லும் 1.6-க்கு வரவில்லை. ஆனாலும் ஈர ரோட்டில் முன்பைவிட லேசான மிதிக்கே ஏபிஎஸ் விழித்துக்கொண்டது. கடைக்காரர் நகத்தால் அழுத்திப் பார்த்து, "ரப்பர் கல்லாட்டம் ஆயிப்போச்சுங்ணா" என்றார். பக்கவாட்டில் 2219 என்றிருந்தது, அதாவது 2019-இன் 22-ஆவது வாரத் தயாரிப்பு.

"முன்னாடி ரெண்டு மட்டும் மாத்திக்கலாமுங்களா?" என்றும் கேட்டார். இரண்டு மட்டும் என்றால் புதியது பின்னால்தான் போக வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் நேராகப் போகும், அதைக் காலை எடுத்துச் சமாளித்துவிடலாம் என்பது எனக்கே தெரியும். மழையில் பின்பக்கம் முதலில் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். வாதாடாமல் நான்கையும் மாற்றிவிட்டேன். இந்த முறை 2624. புது ரப்பரின் மேல்பூச்சு தேயட்டும் என்று இரண்டு நாள் உடுமலை ரோட்டில் நிதானமாக ஓட்டிவிட்டு அப்புறம்தான் மலைக்குப் போனேன்.