தோலோடு, உறைந்தது, காய்ந்தது: எந்தச் சமையலுக்கு எந்தப் பட்டாணி?

பச்சைப் பட்டாணி நம் வீட்டுக்கு மூன்று விதமாக வருகிறது. காய்க்கடையிலிருந்து தோலோடும், குளிர்பெட்டியிலிருந்து உறைந்த பாக்கெட்டாகவும், மளிகைக் கடையிலிருந்து காய்ந்த மணியாகவும் வரும் இம்மூன்றையும் ஒன்றாகவே எண்ணி, "பட்டாணி ஒரு கப்" என்று சமையல் குறிப்புகள் பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகின்றன. புலாவில் பட்டாணி பிளந்து குழைவதற்கும், குருமாவில் உருளைக்கிழங்கு கரைந்த பிறகும் பட்டாணி மட்டும் கடிபடாமல் நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

தோலோடு வரும் பட்டாணிக்குத்தான் முதலிடம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பருவத்தில் மட்டும் அது உண்மை. பட்டாணி குளிர்காலப் பயிர். வட மாநிலங்களின் விளைச்சல் மார்கழி, தை மாதங்களில் நம் சந்தைகளில் குவியும். நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலிருந்தும் காய் வருகிறது. ஆனால் பறித்த நேரத்திலிருந்தே மணியில் உள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடுவதால், லாரியிலும் கடையிலும் சில நாட்களைக் கழித்த காயில் பச்சை நிறம் இருக்குமே தவிர இனிப்பு இருக்காது. நல்ல காயின் தோல் பளபளப்பாக இருக்கும். ஒடித்தால் சட்டென்று முறியும். உள்ளே மணிகள் ஒன்றையொன்று நெருக்கிச் சப்பையாகாமல் உருண்டையாக இருக்கும். தோல் வெளிறி வலைபோல் வரியோடியிருந்தால் முற்றிவிட்டது என்று பொருள். விலையையும் உரித்த பிறகுதான் கணக்கிட வேண்டும். எடையில் பாதிக்கு மேல் தோலாகவே போய்விடும் என்பதால், கிலோ 60 ரூபாய்க்கு வாங்கிய காயில் உரித்த மணியின் விலை கிலோ 120 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அப்படிப்பட்ட இளம் மணியைக் குக்கரில் போட்டு விசில் விடுவது அநியாயம். சீரகம் தாளித்து, கைப்பிடி நீர் தெளித்து, சில நிமிடங்கள் வதக்கித் தேங்காய்த் துருவல் தூவினாலே போதும்.

பருவம் முடிந்த பிறகு, தோலோடு விற்கும் காயைவிட உறைந்த பட்டாணியே மேல் என்பது என் முடிவு. குளிர்பெட்டிப் பொருள் என்றாலே பழையது என்று நம் வீடுகளில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. உண்மையில், அறுவடையான பட்டாணியை அதிகம் காத்திருக்க விடாமல் கொதிநீரிலோ ஆவியிலோ சிறிது நேரம் வாட்டி, நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகளை அடக்கி, மணி மணியாக விரைவில் உறைய வைப்பதால், சர்க்கரை மாவாகும் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. நீரில் கரையும் வைட்டமின் சி வாட்டும்போது ஓரளவு போய்விடும் என்றாலும், வாரக்கணக்கில் வாடிய காயில் அதுவும் மிஞ்சியிருக்காது. வாங்கும்போது பாக்கெட்டைக் குலுக்கிப் பார்க்க வேண்டும்: மணிகள் தனித்தனியாக உருண்டால் நல்லது, கட்டியாக இருந்தால் நடுவழியில் உருகி மீண்டும் உறைந்தது.

இதைப் பயன்படுத்தும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். ஏற்கெனவே பாதி வெந்த மணியை அரிசியோடு சேர்த்து இரண்டு விசில் விட்டால், அது தோல் கழன்று, மங்கிய காக்கி நிறத்துக்கு வந்துவிடுகிறது. புலாவோ ரவா கிச்சடியோ வெந்து முடியும் தறுவாயில் உறைந்த மணியை அப்படியே தூவிக் கிளறி, ஐந்து நிமிடம் மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே பதமாகிவிடும். தக்காளி, தயிர் சேரும் குழம்புகளில் புளிப்பு பச்சை நிறத்தை மங்கச் செய்யும் என்பதால், அங்கும் பட்டாணி கடைசியில் போவதே நல்லது.

காய்ந்த பட்டாணியை மற்ற இரண்டுக்கும் மலிவான மாற்றாகப் பார்ப்பது அதற்குச் செய்யும் அவமரியாதை. முற்றி உலர்ந்த அது ஒரு பருப்பு வகை. 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்க, பச்சை மணியில் சுமார் 5 கிராம்தான் உண்டு. கடற்கரைச் சுண்டலில் மாங்காய்த் துண்டோடு கடிபடும் அந்த மாவுத்தன்மையை இளம் பட்டாணியால் தரவே முடியாது. கெட்டியான குருமாவுக்கும் இதுவே பொருத்தம், ஏனெனில் வெந்த மணியில் ஒரு கரண்டியை மசித்துவிட்டாலே குழம்புக்குத் தனியாகக் கெட்டிப்பொருள் தேவைப்படாது. இரவு முழுவதும் உப்பு போட்ட நீரில் ஊறவைத்தால் தோல் சீராக மென்மையாகிறது. உப்பு போட்டால் வேகாது என்ற பழைய எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வேகவிடாமல் தடுப்பவை புளிப்பும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரும், கடையில் நெடுநாள் கிடந்த பழைய சரக்கும்தான். சோடா உப்பு வேகத்தையும் பச்சை நிறத்தையும் தரும். பதிலுக்கு வைட்டமின் பி1-ஐ அழித்து, அளவு மீறினால் சோப்பு வாடையையும் தரும்.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஒன்றும் கடைகளில் உலவுகிறது: காய்ந்த பட்டாணியை ஊறவைத்து, உரித்த பச்சைப் பட்டாணி என்று பாக்கெட்டில் விற்பது. நிறமேற்றப்படாமல் இருந்தால் அதனால் கெடுதல் இல்லை, காய்ந்ததைப் போலவே வேகவைத்துக்கொள்ளலாம். கொடுக்கும் விலைதான் வீண். எல்லா மணியும் ஒரே அளவில், ஒரே அடர்பச்சையில் இருந்தால் ஐயப்படுங்கள். கண்ணாடிக் குவளை நீரில் போட்டு அரை மணி நேரம் விட்டால், சாயம் பூசிய மணியிலிருந்து பச்சை நிறம் பிரிந்து நீரில் இறங்கும். அதைச் சமைக்கக் கூடாது.

பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் காயை உரித்து, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே குளிர்நீருக்கு மாற்றி, ஈரம் போகத் துடைத்து வீட்டிலேயே உறைய வைப்பவர்களும் உண்டு. வீட்டு ஃப்ரீசர் மெதுவாகவே உறையவைப்பதால் ஆலைப் பட்டாணியின் திண்மை இதற்கு வராது. ஆனால் குருமாவுக்கும் பூரி மசாலுக்கும் அந்தக் குறை தெரியாது. மின்வெட்டு நீளும் ஊராக இருந்தால், இதற்காக மூட்டைக் கணக்கில் வாங்காமல் ஒரு மாதத் தேவையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.