தொட்டிப் பூச்சி: மஞ்சள் அட்டையா, பிடிஐ கரைசலா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் மழை பிடித்துவிட்டால் வீட்டுக்குள் வைத்த மணி பிளாண்ட் தொட்டி காயவே காயாது. குட்டிக் கறுப்புப் பூச்சிக்குக் கொண்டாட்டம்தான்.

மஞ்சள் ஒட்டு அட்டை மலிவு. மண்ணையொட்டிக் குத்திவைத்தால் மிளகுத்தூள் தூவியதுபோல் பூச்சி ஒட்டிக்கொள்ளும். பார்க்கத் திருப்தி, ஆனால் சிக்குவது பறப்பவை மட்டும். கறுப்புத் தலையும் கண்ணாடி உடம்புமான அவற்றின் புழுக்கள் மேல்மண்ணில் மக்கலையும் இளவேரையும் தின்றுகொண்டே இருக்கும்.

பிடிஐ (Bti) அந்தப் புழுவையே கொல்லும் பாக்டீரியா. ஏடிஸ் கொசுப் புழுவுக்கும் போடுவார்கள். தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை ஊற்றலாம். முட்டை வளர்ந்து பூச்சியாக 3, 4 வாரம் ஆகும், அதுவரை விடக்கூடாது. என் ஓட்டு இதற்கே. எண்ணிக்கை குறைகிறதா என்று பார்க்க ஒரு அட்டை போதும். அப்புறம், தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.