செம்மண் மக்காச்சோளத்துக்கு அக்வாகிராப்: பல பட்டங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு (எஃப்.ஏ.ஓ.) 2009-ல் வெளியிட்ட அக்வாகிராப், பயிரின் தண்ணீர்த் தேவையையும் விளைச்சலையும் கணிக்கும் இலவச மென்பொருள். திருப்பூர், கோவைப் பக்கத்துக் கிணற்றுப் பாசன மக்காச்சோளத்தில் இதன் விளைச்சல் கணிப்பைப் பெரிதாக நம்ப வேண்டாம். கிணறு வற்றும்போது எந்தத் தண்ணீரைத் தள்ளிப்போடலாம், எதைக் கட்டாயம் விட வேண்டும் என்று சொல்வதில்தான் இதன் அருமை.

கோளாறு பெரும்பாலும் மண் கோப்பில் இருக்கும். மணல் கலந்த வண்டல் (sandy loam) மண்ணுக்கு மென்பொருளில் தயாராக உள்ள கோப்பு, வயல் கொள்திறன் (மிகை நீர் வடிந்தபின் மண் பிடித்துவைக்கும் ஈரம்) 22 சதவீதம், வாடல் நிலை (அதற்குக் கீழே பயிரால் உறிஞ்ச முடியாத ஈரம்) 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறது. 60 செ.மீ. வேர் ஆழத்துக்கு 72 மி.மீ. ஈரம், அதில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 40 மி.மீ. குறையும்வரை பயிர் தாங்கும். பூக்கும் தருணத்தில் நாளுக்கு 5.5 மி.மீ. செலவானால் ஏழு நாள். ஆனால் நம் செம்மண்ணில் பல இடங்களில் 40 செ.மீ.-லேயே சரளை தட்டும். அங்கே ஐந்து நாள்கூடத் தாங்காது. கடப்பாரையால் குழி தோண்டி ஆழத்தைப் பார்த்து, வேரைத் தடுக்கும் அடுக்கு எங்கே என்று மென்பொருளில் கொடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஆரம்ப ஈரம். எதுவும் கொடுக்காவிட்டால் மண் வயல் கொள்திறன் அளவுக்கு நனைந்திருப்பதாகக் கணக்கைத் தொடங்கிவிடும். விதைக்கும் முன் 15, 30, 60 செ.மீ.-ல் மண் எடுத்து, 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை பாருங்கள். ஈரம் எடையில் 10 சதவீதம், மண் அடர்த்தி 1.5 என்றால் கன அளவில் 15 சதவீதம். 22-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம் 60 செ.மீ.-ல் 42 மி.மீ. ஒரு முழுத் தண்ணீரே கணக்கில் தப்பிவிடும்!

சொட்டுநீர் என்றால் நனையும் பரப்பை 30 சதவீதம் என மாற்றுங்கள். இல்லையேல் இளம்பயிரில் ஆவியாதல் கூடுதலாகக் காட்டும். காற்று வேகம் 10 மீட்டர் உயரத்தில் அளந்தது என்றால் 0.75-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பயிர்க் கோப்பு கலிபோர்னியாவின் டேவிஸ் வயல்களில் உருவானது; முளைப்பு, பூப்பு, முதிர்வு நாள்களை நம் வீரிய ரகத்துக்கு மாற்றுவது அவசியம்.

தண்ணீர் தட்டினால் குஞ்சம் தள்ளி, பட்டு நூல் வரும் நாள்களைத் தொடாதீர்கள். மிச்சம் பிடிப்பது அதற்கு முந்தைய வளர்ச்சிக் காலத்திலும் மணி முற்றிய பிறகும் இருக்கட்டும்.

மென்பொருள் 30 மி.மீ. தண்ணீர் விடச் சொன்னால், அது வேருக்குப் போய்ச் சேர வேண்டிய அளவு. ஏக்கருக்கு 1.21 லட்சம் லிட்டர்; நிமிடத்துக்கு 250 லிட்டர் தரும் மோட்டாருக்கு எட்டு மணி நேரம். சொட்டுநீரின் திறன் 90 சதவீதம் என்றால் ஒன்பது மணி நேரம்.

இலையைத் தின்னும் படைப்புழுவை இந்த மென்பொருள் அறியாது. மேலிருந்து படம் எடுத்து, இலை மூடலை கேனோபியோ செயலியில் அளந்து ஒப்பிடுங்கள். மென்பொருள் 85 சதவீதம் காட்டி வயலில் 60 இருந்தால், அது கேட்கும் தண்ணீர் அதிகம். பயிர்க் கோப்பில் மூடலைக் குறைத்து மறுபடி ஓட்டிய பிறகே மோட்டாரைப் போடுங்கள்.