முந்திக்கொண்டு போரா, மோப்பம் பிடித்துக் கைதா?

மெரினா நடை முடிந்து சுக்குக் காப்பி குடிக்கும்போது எங்கள் கூட்டத்தில் அடிக்கடி கிளம்பும் சண்டை: பயங்கரவாதி அடிக்குமுன் வல்லரசு படையோடு போய் அடிக்கலாமா, உளவும் போலீசும் போதுமா?

ஆதாரம்
போர்: 2003 மார்ச்சில் ஈராக்குக்குள் படையோடு நுழைவதற்கு அமெரிக்கா சொன்ன முக்கியக் காரணம் பேரழிவு ஆயுதக் கையிருப்பு. தேடித் தேடிப் பார்த்தார்கள், இல்லை. தப்பான உளவை நம்பி ஒரு ஆளைப் பிடித்தால் விட்டுவிடலாம். ஒரு நாட்டையே உடைத்துவிட்டு?
கைது: நீதிபதி முன் ஆதாரத்தை வைத்தாக வேண்டும்.

செலவு
போர்: 4,400-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். ஈராக்கியர் சாவு லட்சத்தைத் தாண்டியது.
கைது: ஆள், நேரம், பொறுமை.

பலன்
போர்: ஈராக் அதிபர் சதாம் ஆட்சி சில வாரங்களில் விழுந்தது. அந்தக் குழப்பத்தில்தான் ஐஎஸ் என்ற பயங்கரவாத அமைப்பு வளர்ந்தது.
கைது: திரவ வெடிகுண்டால் விமானங்களைத் தகர்க்கும் சதியை 2006 ஆகஸ்டில் பிரிட்டன் போலீஸ் கண்காணித்தே முறியடித்தது. மீனம்பாக்கத்தில் வெளிநாட்டு விமானம் ஏறும்போது கைப்பையில் 100 மில்லிக்கு மேல் தேங்காய் எண்ணெய் கூடாது என்கிறார்களே, அதற்கு மூலம் இதுதான். (என் வீட்டுக்காரிக்கு இன்னும் கோபம்.)

சட்டம்
ஐநா சாசனத்தின் 51-ஆம் பிரிவு ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காப்பு என்கிறது. 'நடக்கலாம்' என்பதற்கு அதில் தெளிவான இடமில்லை.

என் கணக்கு இது: தாக்குதல் வாசலில் நிற்கிறது, ஆதாரம் உறுதி, அந்த நாட்டு அரசே பிடிக்க மறுக்கிறது, மூன்றும் சேர்ந்தால் குறிவைத்த ராணுவ அடி சரி. 'என்றைக்காவது வருவான்' என்ற சந்தேகத்துக்குப் போலீஸ்தான். 2001 ஆப்கானிஸ்தான் போரை இதில் இழுக்காதீர்கள், அது செப்டம்பர் 11 தாக்குதலில் அமெரிக்காவுக்கு அடி விழுந்த பிறகு போனது.